ஐந்து மூட்டை நெல்லும் அலமு மாமியின் கூடமும்

சிகந்தராபாத் பக்கத்து ஹப்சிகுடாவில் எங்கள் தெருவில் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். ஆண்களுக்கெல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பஸ். காலை ஏழரைக்கு பஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால் சாயங்காலம் வரை தெரு எங்கள் ராஜ்யம்தான். அதில் ருக்மிணி இருந்தாளே தவிர, அவளை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அவள் புருஷன் பழனிசாமி ஃபிட்டர். எங்கள் வீட்டுக்காரர்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அந்த வித்தியாசம் வெளியில் சொல்லக்கூடியதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து நாலு வருஷமாகியும் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

கடைசியில் அரிசிக்காகக் கேட்டோம். இந்த ஊர்க் கடைகளில் பச்சரிசிதான் கிடைக்கும். அதில் இட்லி வார்த்தால் எறிந்து நாயை விரட்டலாம். ஊருக்குப் போகிறவர்கள் டிரங்குப் பெட்டியில் கொண்டு வரும் புழுங்கல் அரிசி பத்து நாள் வராது. எழுபத்தெட்டாம் வருஷம் ஒருநாள் குழாயடியில் இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த ருக்மிணி மெதுவாகச் சொன்னாள்.

“நெல்லு கெடைக்குதுங்களே. வாங்கி அவிச்சாப் புழுங்கலரிசி தானுங்க. எங்கப்பன் வீட்டுல நாந்தான் அவிப்பேன்.”

முதலில் சிரித்தோம், அப்புறம் சேர்ந்தோம். பக்கத்து ஊர் உப்பலைத் தாண்டி, நெல் விளைவிக்கும் ஒரு ரைத்துவிடம் ஐந்து மூட்டை நெல், கல்யாணச் சமையல்காரரிடம் நாலு அண்டா, விறகு. எல்லாம் பொதுவில் வாங்குவது, அரிசியைச் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ருக்மிணியின் பேச்சை நம்பி அந்த மாதம் ஒன்பது வீட்டிலும் கடை அரிசி வாங்கவில்லை.

அலமு மாமி மட்டும் நிபந்தனையோடு சேர்ந்தாள். மாமிக்கு ஸ்ரீரங்கம். தெருவிலேயே பெரிய கூடமும் மூன்று மின்விசிறியும் அவள் வீட்டில்தான். கூடத்துக் கிழக்குச் சுவரில் பெருமாள் சன்னிதி. ஒருதரம் வெந்த அரிசி பெருமாளுக்கு ஆகாது, இட்லிக்கு மட்டும் கொஞ்சம் போதும், அதுவும் பின்கட்டோடு சரி என்று சொல்லிவிட்டாள். ருக்மிணிக்கும் அந்த வீட்டுக்கும் ஏற்கெனவே ஆகாது. முந்தின வருஷக் கொலுவுக்கு எங்களையெல்லாம் உள்ளே ஜமக்காளத்தில் உட்கார வைத்த மாமி, ருக்மிணிக்கு வெற்றிலை பாக்கை வாசற்படியிலேயே கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கு ருக்மிணி என்னிடம், இனி அந்தப் படி ஏறினால் தன் பேர் ருக்மிணி இல்லை என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை. விடிகாலையிலிருந்து அவித்த ஐந்து மூட்டை நெல்லும் ருக்மிணி வீட்டு மொட்டைமாடியில் பரந்து கிடந்தது. பதினோரு மணிக்கு உப்பல் பக்கத்து வானம் கறுத்தது. நெல்லைக் கூட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிடைத்த புடவை, ஜமக்காளம் எல்லாவற்றையும் போட்டு மூடி, கூடை கூடையாகக் கீழே இறக்கினோம். ருக்மிணி குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

“உள்ள சூடு ஏறுதுங்க. இப்படியே குமிஞ்சு கெடந்தாச் சாயங்காலத்துக்குள்ள புளிச்சு நாறிப் போயிரும். உடனே தரையில பரப்போணும்.”

மில்லுக்குக் கொண்டுபோகலாம் என்றால், மில்காரர் முன்னமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “கீலா தான் நக்கோ, அம்மா.” ஈர நெல்லை மிஷினில் போட மாட்டார். ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். வேதா வீட்டுத் தாழ்வாரம், பாமா வீட்டுச் சமையலறை, கட்டிலைத் தூக்கி நிறுத்திய படுக்கையறைகள் என்று மூன்று மூட்டை நெல் தரை கண்டது. பாக்கி இரண்டு மூட்டை குவியலாகவே கிடந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டில் கூடம் உண்டு. தரைக்குப் புதிதாக ஷாபாத் கல் போட்டு, மெழுகு தேய்த்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. சிகந்தராபாத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது. ருக்மிணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கி நேரே அலமு மாமி வீட்டுக்கு நடந்தாள். குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அவள் படி ஏறவில்லை. தெருவிலேயே நனைந்துகொண்டு நின்று கூப்பிட்டாள். மாமி கதவைப் பாதி திறந்தாள்.

“நெல்லு கெட்டுப் போயிருமுங்க, மாமி. உங்க கூடத்துல பரப்ப எடம் வேணுமுங்க.”

“கூடத்துல பெருமாள் இருக்காரேடி.”

“தெரியுமுங்க. அவருக்கு வேண்டாமுங்க. ஒம்பது வீட்டுக்கு வேணும்.”

மாமி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. போகலாம் வா என்று ருக்மிணியின் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். நெல் கெட்டால் எங்களுக்கு ஒரு மாத அரிசி போகும், கடையில் வாங்கிக்கொள்வோம். அவளை அதற்கப்புறம் யார் நம்புவார்கள்? நாலு வருஷத்தில் தெரு அவளிடம் கேட்டது இந்த ஒன்றுதான்.

ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, தெரியவில்லை. கதவு முழுசாகத் திறந்தது. மாமி குளித்த ஈரத்தலையோடு நின்றாள். கிழக்குச் சுவர் வெறுமையாக இருந்தது.

“பெருமாளைத் தளிகை உள்ளுக்கு ஏளப்பண்ணியாச்சு. கொண்டு வாங்கோடி.”

பெருமாள் சமையலறைக்குப் போக, கூடைகள் கூடத்துக்கு வந்தன. ருக்மிணி படிக்குக் கீழே நின்றே தூக்கிக் கொடுத்தாள், வேதாவும் பாமாவும் உள்ளே கொட்டினார்கள். மாமி துடைப்பக்கட்டையால் நெல்லைத் தள்ளினாள். அது பரவாமல் அங்கங்கே மேடு கட்டியது. ருக்மிணி தெருவிலிருந்தே, இன்னும் மெல்லிசாக, காலால் கோடு கிழித்தபடி நடக்கணும் என்று கத்தினாள். மாமி இரண்டடி நடந்து தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்று விசிறியும் சுற்றின, ஆனாலும் புளித்த வாடை லேசாக எழும்ப ஆரம்பித்துவிட்டது.

மாமி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“அங்கேருந்து சொன்னா நேக்குப் புரியலை. நீ வந்து நட.”

ருக்மிணி அசையவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“காலெல்லாம் ஈரமுங்க.”

“நெல்லும் ஈரந்தான். அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. அதை அப்பறம் பேசிக்கலாம், இப்போ இது வீணாப் போறது. வா.”

ருக்மிணி படியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏறினாள். வாசல் கால்மிதியில் பாதத்தை அழுந்தத் துடைத்துவிட்டுக் கூடத்துக்குள் போய், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கால்களை இழுத்து இழுத்து நடந்தாள். அவள் போன வழியெல்லாம் நெல் கோடு கோடாகப் பிரிந்து படிந்தது. மாமி பின்னாலேயே அவள் அடியைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

ஒரு மூட்டை நெல்லோடு கூடம் நிறைந்துவிட்டது. வெளியே இன்னும் ஒரு மூட்டை. ருக்மிணி நடையை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்.

“நீலாக்கா, உங்க விருந்தாளிங்க எத்தன மணிக்கு வர்றாங்க?”

குரலில் கோபமே இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

“யாரும் வரலை, ருக்மிணி” என்றேன். இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்க ஓடினேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.