கடம்பூர் ரோட்டில் ஒரு பஞ்சர்

ஒரு வாரமாக விடிகாலையில் கோவில்பட்டி சைக்கிள் குழுவோடு போய்க்கொண்டிருந்தேன். குழுவில் நான் ஒருத்திதான் பெண். தினமும் கடைசியாகத்தான் போய்ச் சேருவேன்.

இன்று கடம்பூருக்குச் சற்று முன்னால் கருவேல முள் ஏறி டயர் பஞ்சர். கத்திக் கூப்பிட்டேன். முன்னால் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஆளில்லாத கரிசல் காட்டு வழியே பயந்துகொண்டே உருட்டி வந்தேன். கடம்பூர் டீக்கடையில் எல்லாரும் போளி தின்றுகொண்டிருந்தார்கள்.

“வாங்க தங்கச்சி, இன்னைக்கும் லேட்டா?” என்றார் குழுவை நடத்தும் அண்ணாச்சி.

“பஞ்சர் அண்ணாச்சி! எத்தன தடவ போன் அடிச்சேன்?”

“சைக்கிள் ஓட்டுதப்ப போன் எடுக்கக் கூடாதுல்லா? சேஃப்டி முக்கியம் பாத்துக்கிடுங்க.”

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பஞ்சர் ஒட்டித் தனியாகவே ஊர் திரும்பி, குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

நாளை நாகலாபுரம் பக்கம் போகிறேன். கூட வருகிறீர்களா? வேகம் வேண்டாம், அவ்வப்போது திரும்பிப் பார்க்கக் கழுத்து இருந்தால் போதும்.