எக்ஸ்ரே வேனில் நின்று நின்று போன ஜெனரேட்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே வேனில் வேலை பார்த்தேன். காலையில் தருமபுரியிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போய், காசநோய் இருக்கிறதா என்று பார்க்க மார்புப் படம் எடுப்போம். வேனில் இரண்டே பேர், டிரைவர் அண்ணனும் நானும். வேனின் பின்பக்கம் ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் ஜெனரேட்டர், இந்தப் பக்கம் மெஷினும் நானும். பெண்கள் ரவிக்கையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து என் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அன்று மொரப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். குண்டும் குழியுமான வண்டிப்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய், மாதா கோயில் மைதானத்தில் நிறுத்தினோம். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஜெனரேட்டரைப் போட்டதுமே வாத்தியார் ஓடி வந்தார்.

"என்னாங்க இது, பசங்களுக்கு ஒண்ணும் காதுல வுழ மாட்டேங்குது."

வழக்கமாக ஜெனரேட்டர் ஓடும்போது வேனின் பின்கதவு திறந்தே இருக்கும். அண்ணன் அன்று அதைச் சாத்தினார்.

நாலைந்து படம் எடுத்திருப்பேன். இன்ஜின் திணறியது, நின்றது. விளக்கும் மின்விசிறியும் அணைந்தன. அண்ணன் பின்கதவைத் திறந்து பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கயிற்றை ஒரே இழு, ஓடியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பத்து நிமிஷத்தில் மறுபடி நின்றது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். டாங்க்கிலிருந்து கொஞ்சம் வடித்தார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். ஓடியது. கதவைச் சாத்தினார். நின்றது.

"சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியலம்மா. இழுத்தா ஓடுது, பாத்துக்கினே இருந்தா ஓடுது, முதுகைக் காட்டினா நின்னுடுது."

எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது. காலையில் சாப்பிடாததால்தான் என்று நினைத்தேன். உள்ளே பெஞ்சில் மூன்று பெண்கள் மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் வெளியே போகச் சொல்லலாம். ஆனால் உடுத்தி, மறுபடி கழற்றி என்று நேரமாகுமே என்று உட்காரவே வைத்திருந்தேன். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நாலாவது தடவை ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அடுத்தவளைக் கூப்பிட்டேன். கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவள், இருபத்தைந்து வயதிருக்கும், இருமல் என்று வந்திருந்தாள். பிளேட்டில் மார்பை வைத்து, "மூச்சை இழுத்துப் புடிம்மா" என்றேன். அவள் இழுத்தாள். அப்படியே சரிந்து என் காலடியில் விழுந்தாள். அந்த நேரம் பார்த்து விளக்கும் அணைந்தது.

போர்வையைச் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு நானும் மற்ற இரண்டு பெண்களும் வெளியே வந்தோம். இறங்கும்போது என் கால்களும் மடங்கின. புளியமரத்தடியில் அவளைக் கிடத்தினோம். அவள் புருஷன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நடந்துதான வந்தா! உள்ள கூட்டிப்போயி என்னா பண்ணீங்க?"

வரிசையில் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். மெஷின் ஆளைக் கொல்கிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நானும் ஒரு கணம் அதை நம்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து வாந்தி எடுத்தாள். அப்போதுதான் அண்ணன் வேனின் பின்னாலிருந்து கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். புகையை வேனுக்கு வெளியே விடும் ஜெனரேட்டர் குழாய், இன்ஜினுக்கும் தடுப்புக்கும் நடுவே எட்டிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில், வழியில் குலுங்கியதில் முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே சுவர் முழுக்கக் கரி.

"கதவைச் சாத்தினா அது விட்ட புகையையே அது குடிச்சிருக்குதும்மா. மூச்சு முட்டித்தான் நின்னுருக்குது. தொறந்தா காத்து வந்து ஓடியிருக்குது." தகரத் தடுப்பில் வயர் வருவதற்காகப் போட்டிருந்த ஓட்டையைத் தொட்டுக் காட்டினார். விரல் கறுப்பாக வந்தது. "மிச்சப் புகை பூரா உங்க பக்கம்தான் வந்திருக்குது."

தரையில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் மக்கர் பண்ணாமல் காலையிலிருந்து ஓடியிருந்தால் அந்தக் கறுப்புத் துணிக்குள் நாங்கள் நாலு பேரும் என்னவாகியிருப்போம்? கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வேனிலேயே கூட்டிப்போகிறோம், ஜெனரேட்டரைப் போட மாட்டோம் என்றோம். புருஷன் கேட்கவில்லை. "அந்த வண்டியில நாங்க ஏற மாட்டோம்" என்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். நான் மற்ற இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு அவர்களோடேயே பஸ்ஸில் போனேன். எனக்கும் அந்த வேனில் ஏற மனமில்லை.

டாக்டர் எங்கள் நாலு பேரையும் சாயந்திரம் வரை வைத்திருந்து அனுப்பினார். அதற்கு முன்னால் அவளுக்கு ஆஸ்பத்திரி மெஷினில் படம் எடுத்தோம். ஈரம் காயாத படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் சளி இருமல். அதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். புருஷன் சிரிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஜெனரேட்டரை வேனிலிருந்து கழற்றித் தனியாகச் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றினார்கள். நீள வயர் போட்டு மைதானத்தின் மறுகோடியில் ஓட விடுவோம். ஊரே சத்தம் என்று திட்டும். அண்ணன் காது கேளாதவர் மாதிரி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.