ஜோடியாக வரும் டவுன் பஸ்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து எங்கள் ஊர் வழியாகச் சிதம்பரம் போகும் டவுன் பஸ் லேசில் வராது. வந்தால் இரண்டு சேர்ந்து வரும். முதல் பஸ்ஸில் மூச்சுவிட இடமிருக்காது. பின்னால் வருவது காற்று வாங்கிக்கொண்டு வரும். டிரைவர்கள் சேர்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று ஊரே திட்டும். நானும் திட்டியிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் எனக்கு உதவித்தொகைத் தேர்வு. அதில் தேறினால்தான் மேலே படிப்பு என்று வீட்டில் பேச்சு. சிதம்பரத்தில் பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஜவுளிக்கடை வேலைக்கு தினமும் அங்கே போய்வரும் அத்தை, அப்பாவின் தங்கை, அன்று லீவு போட்டு என்னைக் கூட்டிப்போனாள்.

அன்று பார்த்து பஸ்ஸைக் காணோம். நிறுத்தத்தில் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. நான் பாய்ந்தேன். அத்தை என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி ஓடுற? இந்த நெரிசல்ல நின்னா உனக்கு வீசிங் வந்துடும். அப்புறம் எங்க பரீட்சை எழுதுறது? இரு, பின்னாலயே காலியா ஒன்னு வரும்."

"வரலன்னா?"

"வரும்னு சொல்றன் இல்ல!"

மற்ற எல்லோரும் எப்படியோ தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புழுதியில் நாங்கள் இருவர் மட்டும். என் படிப்பே அந்தப் பஸ்ஸோடு போய்விட்டது என்று ஓவென்று அழுதேன். சாகிறவரை உன்னோடு பேசமாட்டேன் என்றும் அத்தையிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

அப்புறம், நிஜமாகவே வந்தது! ஜன்னலோர சீட்டு. முதல் பஸ் வழியெல்லாம் ஆள் ஏற்றித் திணறிக்கொண்டிருக்க, நாங்கள் அதை ஓரங்கட்டிவிட்டுப் போனோம். கையசைத்து டாட்டா வேறு காட்டினேன். கேட் திறந்திருந்தது. தேர்விலும் தேறினேன்.

இன்று எனக்கு இதுவே பிழைப்பு. மணல், பறவைக்கூட்டம், போக்குவரத்து என்று கூட்டம் கூட்டமாக நகர்வதை எல்லாம் ஆராயும் இயற்பியல். கம்ப்யூட்டரில் பஸ்களைச் சம இடைவெளியில் ஓடவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. சற்றே தாமதமான பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் ஆள் கூடிவிடும். அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கு ஏற்ற ஆளே மிஞ்சாது. அது விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். பாவம் டிரைவர்கள், டீக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

போன வாரம் பெருமையோடு அத்தைக்கு போன் போட்டேன். "உனக்கு இது அப்பவே தெரிஞ்சிருக்கு அத்த!"

"நீ வேற! சில நாளு பின்னாலயே வரும். சில நாளு பிரேக் டவுனாகி வராமலே பூடும். அன்னைக்கி வருமா வராதான்னு எனக்கே தெரியாது."

"வராமப் போயிருந்தா?"

"ரோட்டுல குறுக்கப் படுத்தாவது ஒரு வண்டிய நிறுத்தியிருப்பேன். உன்ன அப்படியே உட்ருவனா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லாம் போயிற்று என்று அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு, பக்கத்தில் நிற்பவள் அதற்கும் தயாராகத்தான் நிற்கிறாள் என்று தெரியவில்லை.