வாசலில் வாய் திறக்கக் கூடாது

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையம். காலையில் கண்ணாடி சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் கொதிக்க வைத்து எடுத்தோம். கஞ்சி குடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் அந்த நிலையத்துச் செவிலியரும் வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்க்கக் கிளம்பினோம்.

நான் சங்கராபுரம் பக்கத்துக் கிராமச் செவிலியர். புதன்கிழமைதான் மலைக்கு வந்திருந்தேன். மறுநாளே கீழே இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டது. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை என்று தகவல் வந்தது. வீட்டில் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ என்று மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் இருந்தது. பிரசவ மாதம் என்று நாங்கள் எழுதுவது ஒன்று, குழந்தை பிறப்பது வேறொன்று என்றே வந்துகொண்டிருந்தது. மேலதிகாரிகள் திட்டிப் பார்த்தும் மாறவில்லை. கடைசியில் எங்கள் டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். இரண்டிரண்டு செவிலியராகச் சேர்ந்து, ஒருவர் விவரம் கேட்பதை மற்றவர் கூடப்போய்ப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விதி. பார்க்க வந்தவர் வீட்டு வாசலில் வாய் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை வழியில்தான் சொல்ல வேண்டும். ஜனங்கள் முன்னால் குறை சொன்னால் அப்புறம் அந்த ஊர்ச் செவிலியரை யார் மதிப்பார்கள்?

மூன்றாவது வீட்டில் ஒரு தலைப்பிரசவப் பெண். கேட்டதற்கெல்லாம் மாமியார்தான் பதில் சொன்னார். ஏழாம் மாதம் என்றார். மலைச் செவிலியரும் அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அந்தப் பெண் கதவோரம் நின்று நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள். மெட்டி கால்விரல் சதைக்குள் புதைந்திருந்தது. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

வேலி தாண்டியதும் சொன்னேன். மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லையே, அவள் காலைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

அவருக்குச் சுருக்கென்றது. “கீழ இருந்து வந்துக்கினு எங்க ஜனங்கள எப்டி கேக்கணும்னு சொல்லாதீங்கக்கா. மாமியா இருக்கறப்ப மருமவ வாய் தொறக்க மாட்டா.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன்” என்றேன்.

விறுவிறுவென்று முன்னால் நடந்தார். சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை. நானே திரும்பிப் போய்க் கேட்டால் அந்த மாமியார் இனி இவரை வாசலில் சேர்ப்பாரா? போகாமல் இருந்து அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அடுத்த வீட்டில் என்ன கேட்டார், என்ன எழுதினார், ஒன்றுமே என் காதில் ஏறவில்லை.

அந்த வீட்டை விட்டு வெளியே வந்தவர், என்னைப் பார்க்காமலே வந்த வழியில் திரும்பினார். மூன்றாவது வீட்டுக்குப் போய், ஓடையைக் காட்டச் சொல்லி அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப்போனார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஒம்போது மாசம்க்கா. ரெண்டு மாசம் தள்ளிப்போனப்பறம் சாமிகிட்ட சொன்ன நாள்ல இருந்துதான் இந்த வூட்ல மாசம் எண்றாங்க. கால அழுத்தினா குழி வுழுது. ரெண்டு நாளா தலவலி, கண்ணு மங்குதாம்.”

அப்புறம் யாரும் யோசிக்கவில்லை. புருஷனும் அவன் அண்ணன் தம்பிகளும் கம்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடிவாரத்தில் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. கொஞ்ச தூரத்திலேயே சாலையின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வழி கிடையாது என்றார்கள்.

கத்தியும் கையுமாக இருந்த அவர்களிடம் மலைச் செவிலியர் நேராகப் போனார். “வண்டிய வுட வேணாம். புள்ளத்தாச்சிய நீங்களே தூக்கி அந்தாண்ட வுடுங்க.”

ஒருவர் சிரித்தார். “இன்னா நர்சம்மா, மறியல் பண்றவனயே கெவருமெண்டு வேலக்கி வெக்கிறியா?” சொல்லிக்கொண்டே கம்பின் முன்முனையைத் தோளில் வாங்கினார். மரத்துக்கு அந்தப்பக்கம் அவர்களே வேறு வண்டி பிடித்துக் கொடுத்தார்கள். இப்படி மரத்துக்கு மரம் வண்டி மாறி, பொழுது சாய்வதற்குள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். அன்றைக்கே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மலைச் செவிலியர் வந்த வழியே திரும்பி நடந்த அந்தச் சில அடிகள்தான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. சொன்ன எனக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. கோபத்தோடு கேட்டும் மனதுக்குள் போட்டுப் பார்த்தாரே, அது எனக்கு வருமா என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை, “இப்ப நீங்க கேளுங்க, நான் பாக்கறன்” என்றார். பஸ் இல்லாத சாலையில் என் ஊருக்கு நடந்தோம். பிள்ளைகள் நலமாக இருந்தார்கள். முதல் வேலையாகப் பக்கத்துத் தெருவில் ஒரு கர்ப்பிணி வீட்டுக்குப் போனேன். பதில் சொல்ல முன்னே வந்த மாமியாரிடம் மோர் கேட்டு உள்ளே அனுப்பிவிட்டு, மருமகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் பேசி முடிக்கும்வரை பேனாவைத் திறக்கவில்லை.