பீமுக்குக் கீழே ஒரு சுவர்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் 'மேன் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் அவளுடைய வேலை 'டிராஃப்ட்ஸ்மேன்' என்று இருந்தது. பெண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றித் தருகிறேன் என்று வந்த மேலாளர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள். 'மேன்' மட்டும் போகவில்லை.

தையல் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டதால் கட்டட வரைபடம் படிக்கப் போனவள் அவள். படித்த நாளிலிருந்து ஊரார் வீடுகளை வரைந்துகொண்டிருக்கிறாள். சொந்தமாக இருப்பது இரண்டறை வாடகை வீடு. கணவருக்குக் கிடங்கில் இரவுக் காவல் வேலை. இவள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் புறப்படுவார். ஒரே சாவி, அது கைமாறுகிற நேரத்தில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டால் அன்றைய குடும்பம் நடத்தியாயிற்று. வலது மணிக்கட்டு வலி எடுத்துவிட்டதால் இப்போது இடது கையால் மவுஸ் பிடிக்கிறாள். முன்பெல்லாம் தாளில் கையாலேயே கோடு போட்டோமே, அது அல்லவா பொற்காலம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போது கழுத்து வலித்தது, இப்போது கை வலிக்கிறது, அவ்வளவுதான்.

அவள் வேலையில் பாதி, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது. கூரையை ஒட்டித் தலைக்கு மேல் போகும் பீமும், மண்ணுக்குள் புதைந்த அடித்தளமும் வீட்டுக்குள் நிற்பவன் பார்வையில் படாது. ஆனால் கட்டடமே அவற்றின் மேல்தான் நிற்கிறது. அதனால் வரைபடத்தில் அவற்றை முழுக்கோடாக இழுக்காமல், விட்டு விட்டுப் போகும் துண்டுக்கோடாகப் போடுவார்கள். முழுக்கோடு என்றால் சுவர். அறைக்கு நடுவே துண்டுக்கோடு என்றால் மேலே பீம் போகிறது, கீழே ஒன்றும் கிடையாது, தாராளமாக நடக்கலாம் என்று பொருள்.

அப்படி அவள் வரைந்ததில் ஒன்று, அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து கட்டிய வீடு. அண்ணன் மருந்துக்கடைக்காரர், தம்பி பள்ளிக்கூட வாத்தியார். முதல் தடவை இருவரும் குடும்பத்தோடு வந்து அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கு இரண்டு அறை, நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஒரே கூடம். இந்தக் கோடியிலிருந்து ஓடுகிற பிள்ளைக்கு அந்தக் கோடியில் மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவு பெரிய கூடம் வேண்டும் என்றாள் வாத்தியாரின் மனைவி. அவ்வளவு அகலக் கூடத்துக்குக் குறுக்கே மேலே ஒரு பீம் போகாமல் முடியாது. வாசலிலிருந்து பின்கட்டு வரைக்கும், கூடத்தின் நட்டநடுவில், அவள் அதைத் துண்டுக்கோட்டில் வரைந்தாள்.

கூரை போட்டு முடிந்தது. சில வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்து, தன் பக்கத்துக்குத் தனியாக ஒரு வாசல் வேண்டும் என்றார். இரண்டு நாளில் வாத்தியார் பேசினார். தன் பக்கத்தில் தனி அடுப்படி வேண்டுமாம். எந்த இடத்தில் என்று கேட்டாள்.

"அதான் நடுவுல சுவர் இருக்குல்ல, அதை ஒட்டியே வச்சிடுங்க."

எந்தச் சுவர்? அவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். திரையில் கூடம் திறந்து கிடந்தது. நடுவே துண்டுக்கோடு ஒழுங்காகவே போயிற்று. பிறகு மேஸ்திரிக்கு அனுப்பிய தாளின் நகலைத் தேடி எடுத்தாள். அதில் பீமின் இரண்டு விளிம்பும் முழுக்கோடாக, சுவரின் கனத்துக்கே, பக்கத்தில் பக்கத்தில்.

பையில் மடித்து வைத்துக்கொள்கிற மாதிரி சின்னத் தாளில் ஒரு படம் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டிருந்தார். படத்தைச் சிறிதாக்கும்போது துண்டுக்கோட்டின் இடைவெளியையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் திரையில் நன்றாகத் தெரிந்தாலும் தாளில் துண்டுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அன்று சாவி வாங்க ஓடுகிற அவசரத்தில் அதை விட்டுவிட்டாள். மேஸ்திரியைக் குறை சொல்லவும் வழியில்லை. மேலே பீம் நிற்கிறது, படத்தில் கோடு இருக்கிறது, யாராக இருந்தாலும் செங்கல்லை அடுக்கத்தான் செய்வார்கள்.

சுவர் எழும்பியதைப் பார்த்த அண்ணன், தம்பி சொல்லித்தான் கட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். தம்பி, இது அண்ணன் வேலை என்று நினைத்திருக்கிறார். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. வேலையைப் பார்க்க ஒன்றாக வருவதும் நின்று போயிருந்தது.

ஆர்க்கிடெக்ட் அவளைவிட வயதில் சின்னவர். அப்பாவிடமிருந்து அலுவலகம் கைக்கு வந்தவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"அவங்களே ஆளுக்கொரு வழி கேக்கறாங்க அக்கா. இப்ப போய் நம்ம தப்புன்னு சொன்னா பேர்தான் கெடும். கேட்டதை வரைஞ்சு குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

அவள் வரையவும் உட்கார்ந்தாள். வாசலுக்கு இடம் பார்த்துத் திரையில் வெளிச்சுவரை வெட்டினாள். கதவையும் போட்டாள். அடுப்படிக்கு வந்தபோது கை ஓடவில்லை. அவள் மனசு பெரிய மனசு என்று சொல்லிவிட முடியாது. இந்த இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே முகம் பார்க்காமல் வாழ்ந்தால் தனக்குத் தூக்கம் வராது என்ற பயம்தான். இருக்கிற தூக்கமே கொஞ்சம்.

மறுநாள் மேஸ்திரி அளவு கேட்கிறார் என்று சொல்லி இருவரையும் வேலை நடக்கிற வீட்டுக்கு ஒரே நேரத்தில் வரவழைத்தாள். வந்தவர்கள், ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நின்றுகொண்டார்கள். அவள் சுவரின் முனையில், வாசற்படியில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு முகமும் தெரியும்.

"இந்தச் சுவர் படத்துல கிடையாது. உங்க ரெண்டு பேர்ல யாரும் கேக்கல. நான் பிரிண்ட் எடுத்ததுல வந்த தப்பு."

மேஸ்திரி தன் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். அவள் கொண்டுவந்திருந்த பெரிய படத்தை அதன் பக்கத்தில் விரித்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏன் ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லவில்லை, வீட்டுக்காரர்கள் வந்து தடவிக்கூடப் பார்த்துவிட்டுப் போனார்களே என்று முனகினார்.

"நீ கேக்கலையா?" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து.

"நீங்க கேக்கலையா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

அண்ணன் கல் இடுக்கில் பிதுங்கியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினார்.

"நான் சுவர் கேட்டிருப்பேன்னு எப்படிண்ணே நம்புனீங்க?"

"நீ எப்படிடா நம்புன?"

அவளுக்குக் கால் வலித்தது, உட்கார இடமில்லை. உடைக்கவா வைக்கவா, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்றார் மேஸ்திரி. இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எடுத்தா மேல ஒண்ணும் விழாது. பாரம் பூரா பீம்தான் தாங்குது. மத்ததை நீங்கதான் சொல்லணும்."

உடைக்கச் சொன்னார் அண்ணன். முதல் வரிசைக் கல் விழுந்து தம்பியின் முகம் மேலே தெரிந்தது. அந்த முகம் சட்டென்று, "ஆனா அந்த ரெண்டாவது அடுப்படி இருக்கட்டும்ணே," என்றது.

அண்ணனின் முகம் சுண்டிப் போயிற்று.

"வீட்ல ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கா. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

அண்ணன் சட்டையில் விழுந்த தூசியைத் தட்டினார். தட்டித் தீர்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"என் வீட்லயும் அதையேதான் சொல்றா," என்றார் கடைசியில்.

ஆர்க்கிடெக்ட் அவளைத் திட்டவில்லை. இனிமேல் அவள் அனுப்புகிற ஒவ்வொரு தாளையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் உத்தரவு போட்டார். அந்தப் பெண் சங்கடத்தோடு, "பாத்துட்டேன் மேன் அக்கா, சரியா இருக்கு," என்று தாளைத் திருப்பித் தருவாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது. கணவரிடம் சொல்லலாம் என்றால் சாவி கைமாறுகிற நேரம் அதற்குக் காணாது.

அடுப்படி இரண்டு, கூடம் ஒன்று, வாசலும் பழையபடி ஒன்றே என்று படத்தைத் திருத்தி அனுப்பிய பிறகு ஒரு மதியம் வாத்தியார் போன் செய்தார். சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கம் போடுவதா, பின்கட்டுப் பக்கமா என்று அவளே சொல்ல வேண்டுமாம். சொல்வதற்குள் பின்னாலிருந்து, அவங்களை ஏன்டா கேக்கறே, வெயில் முகத்தில் அடிக்கும், பின்பக்கம்தான் என்று அண்ணனின் குரல் வந்தது. அண்ணிக்குக் காற்று வேண்டும் என்றார் தம்பி. உன் அண்ணியை எனக்குத் தெரியாதா என்றார் அவர். ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்க விடவில்லை. போனில் ஒருத்தி இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

அவளுக்கு வரைய வேண்டிய படங்கள் குவிந்து கிடந்தன. இருந்தாலும் வலிக்கிற கையை மடியில் வைத்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடினாள். வைத்துவிடவில்லை.