ஏழு பேருக்கும் வேலை வேண்டும்

பறக்கிறவன், மறைகிறவன், மலையைத் தூக்குகிறவன் என்று ஏழு பேரைச் சேர்த்து வாராவாரம் படக்கதை எழுதுவதில் என்ன பெரிய கஷ்டம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். முதல் மாதம் ஒரு கஷ்டமும் இல்லை ஐயா. மூன்றாவது வருடம் எழுதிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்பேன்.

நான் எழுதியது புத்தகத்தில் இல்லை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே இருந்த ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் நோட்டீஸ் போர்டில். தொண்ணூறுகளின் பின்பாதி. எனக்கு டைம் ஆபீஸில் கிளார்க் வேலை. யார் எத்தனை மணிக்குக் கார்டு அடித்தார், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று பார்ப்பது. படம் போட்டவன் பெயின்ட் ஷாப்பில், அதாவது பெயின்ட் அடிக்கும் பிரிவில், இருந்த என் தோஸ்து, எம்.கே.பி. நகர்க்காரன். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் பன்னிரண்டு கட்டம். திங்கட்கிழமை காலை டீ நேரத்துக்குள் ஒட்டிவிடுவோம். டீ டம்ளரோடு கூட்டம் நின்று படிக்கும்.

ஆரம்பத்தில் ஒரே வீரன்தான். பெயின்ட் ஷாப்பில் பிறந்தவன், எந்த நிறத்துக்கும் மாறுவான். இரண்டாவது வாரமே மெஷின் ஷாப்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "அவுங்க ஷாப்புல தான் ஆம்பள கீறானா?" லேத்தைவிட வேகமாகச் சுழலும் ஒருவனைப் போட்டோம். கேன்டீன் அக்கா எங்கள் தட்டில் மட்டும் பொங்கலைக் குறைத்தார். நீராவியை ஏவிவிடும் வீராங்கனை ஒருத்தி பிறந்தாள், பொங்கல் பழைய அளவுக்கு வந்தது. ஸ்டோர்ஸ், அசெம்பிளி, கேட் செக்யூரிட்டி என்று ஆளுக்கொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றும் ஃபவுண்டரிக்குக் கிடைத்தவன் தணல். தொட்டதெல்லாம் உருகும்.

அங்கேதான் பிடித்தது சனி. ஏழு பேரும் ஏழு ஷாப்பின் சொத்து. கதை யாருக்கும் வேண்டாம். தன் ஆள் எத்தனை கட்டத்தில் வருகிறான் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். ஒருத்தனைக் கோழையாகக் காட்ட முடியாது, ஒருத்தனைத் தோற்கடிக்க முடியாது, ஒருத்தனுக்கு வயதாக விட முடியாது. அப்புறம் கதை எங்கிருந்து வரும்? போதாததற்கு ஸ்டோர்ஸில் ஒருவர், நான் எழுதியதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருந்தார். "போன ஆடி மாசம் இவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு எழுதிகீறியே, இப்ப கடல்ல குதிக்கிறான்?" என்பார். அவர் முகத்தைப் பார்த்தாலே பேஜாராக இருக்கும்.

எல்லோரையும்விடப் பெரிய தொல்லை தணல்தான். அவன் வந்தால் வில்லனின் கோட்டை இரண்டாவது கட்டத்திலேயே உருகிவிடும். மீதிப் பத்துக் கட்டத்துக்கு ஆறு பேரும் என்ன செய்வார்கள், பல்லாங்குழி ஆடுவார்களா? அதனால் அவனை மட்டும் "நீ இங்கேயே காவல் இரு" என்று ரகசிய இடத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை அனுப்புவேன். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று மாதக்கணக்கில் ஓட்டினேன்.

இதை ஒருவர் பொறுக்கவில்லை. ஃபவுண்டரியில் மோல்டர், மணல் அச்சு செய்கிறவர். ஐம்பத்தைந்து வயது. சடையங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார்; மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நின்றால் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளைத் தோளில் தூக்கி வருவார். ஆனாலும் முதல் ஷிப்டுக்கு லேட்டானதில்லை, கார்டு பார்த்த எனக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்பார்.

"இன்னா நைனா, இந்த வாரமும் என் ஆளு காவலா? வாட்ச்மேன் வேலைக்கா அவன பெத்த?"

எனக்குச் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும். அவர் கேட்டது நியாயம் என்பதால் வந்த எரிச்சல் அது.

இன்னொரு அசட்டுத்தனமும் என்னிடம் இருந்தது. டைம் ஆபீஸில் காதில் விழும் சமாசாரத்தைக் கதையில் நைசாக நுழைத்துவிடுவேன். கம்பெனி பஸ் இனி மணலி வழியாகப் போகாது என்று நோட்டீஸ் வருவதற்கு முந்தின வாரமே, எங்கள் ஏழு பேரும் மணலியில் பஸ்ஸுக்குக் காத்துக் காத்து நடந்து போனார்கள். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. போர்டில் என் கதை இருந்தால் அதில் சேதி இருக்கும் என்று ஆட்கள் பழகிவிட்டார்கள். பழக்கியது நான்.

அப்போதுதான் விருப்ப ஓய்வு நோட்டீஸ் வந்தது. கம்பெனியில் ஆட்கள் அதிகப்படி, விருப்பமுள்ளவர்கள் ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம், கொடுத்த ஃபாரத்தைத் திரும்ப வாங்குவதானால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஷாப்பை மூடப்போகிறார்கள் என்று அதில் இல்லை. லிஸ்ட் மேலே தயாராக இருக்கிறது என்று பேச்சு. அதில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. கிளார்க்கிடம் யார் காட்டுவார்கள்?

அதே வாரம்தான் நான் தணலைக் கொன்றேன்.

கொன்றதற்குக் காரணம் கதைதான், வேறு எதுவும் இல்லை. அவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. காவலுக்கு வைத்து வைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. சரி, பன்னிரண்டு கட்டத்தையும் அவனுக்கே கொடுத்து ராஜ மரியாதையோடு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். உலை வெடிக்கிறது, ஊரைக் காப்பாற்ற வெடிப்பில் தன் உடம்பையே வைத்து அடைக்கிறான், இரும்பு அவன் மேல் இறுகிப்போகிறது. தோஸ்து உயிரைக் கொடுத்து வரைந்திருந்தான். நோட்டீஸுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே ஒட்டினேன். திங்கட்கிழமை கூட்டம் சத்தமில்லாமல் படித்துவிட்டுக் கலைந்தது. கதை நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று நான் மார்தட்டிக்கொண்டேன். மடையன்.

புதன்கிழமை மோல்டர் ஜன்னலுக்கு வந்தார். கேலி எதுவும் இல்லை. ஒரு காகிதத்தை உள்ளே நீட்டினார்.

"இன்னாண்ணாத்த இது?"

"ஃபாரம். வாங்கி வெச்சிக்கோ."

"உங்களுக்கு இன்னும் ரெண்டரை வருசம் சர்வீஸ் கீதே."

அவர் தலையை ஜன்னலுக்குள் நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். "நீ தான சொன்ன."

"நான் இன்னா சொன்னேன்?"

"போர்டுல போட்டியே. பவுண்டரிக்கு மங்களம் பாடிட்டாங்கன்னு எங்களுக்குப் புரியாதா? வாயால சொன்னா உன் வேலைக்கு ஆபத்து. அதான் படத்துல சொன்ன. பெரிய மனசு நைனா உனுக்கு. அவங்களா புடிச்சித் தள்றதுக்கு முன்ன நம்பளே மருவாதியா பூடலாம்."

"சத்தியமா எனுக்கு எதுவும் தெரியாது அண்ணாத்த."

"அப்டித்தான் சொல்லணும்," என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

அவருடைய இளைய மகள் நர்சிங்கில் இரண்டாம் வருடம். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மோல்டரை எவன் வேலைக்கு எடுப்பான்? முன்பு இதே மாதிரி விலகிப் போனவர்கள் கன்டெய்னர் யார்டுகளில் வாட்ச்மேன் தொப்பி மாட்டிக்கொண்டு கேட்டில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் மேஜைத் தட்டில் அவருடைய ஃபாரத்துக்கு மேல் இன்னும் நாலு வந்து சேர்ந்தன. எல்லாம் ஃபவுண்டரி.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஃபவுண்டரிக்கே போனேன். கவிழ்த்த அச்சுப் பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"அண்ணாத்த, லிஸ்டப் பாத்து நான் அவன சாவடிக்கல. கதைக்கோசரம் பண்ணேன்."

"கதைக்கு இன்னா கேடு?"

"அவன் வந்தா உடனே கத முடிஞ்சிடுது. வெளில உக்கார வெச்சா நீங்க திட்றீங்க. பன்னெண்டு கட்டத்துல ஏழு பேருக்கு வேல குடுக்க முடியல. ஒர்த்தன் அதிகப்படி."

அவர் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தார்.

"அதிகப்படி," என்றார். "அவங்களும் அத்ததான எழுதிகீறாங்க, பக்கத்துப் பேப்பர்ல."

நோட்டீஸைப் படித்துக் கம்பெனியைத் திட்டித் தீர்த்த நான், அதே கணக்கைப் போட்டு ஒருத்தனை உலையில் தள்ளியிருக்கிறேன்.

"உனுக்கு லிஸ்டு தெரியும் நைனா," என்றார் அவர் அமைதியாக. "தெரியாம இந்த வார்த்த உன் வாயில வராது."

விளக்கப் போய் இருந்ததையும் கெடுத்தேன். சாயந்திரம் ஷிப்ட் முடிந்ததும் நேரே எம்.கே.பி. நகருக்குப் போய்த் தோஸ்துவின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"தணல திரும்பக் கொண்டு வரணும். நாளைக்கே."

"செத்தவன் திரும்பி வரக் கூடாதுன்னு சட்டம் போட்டது யார்டா? நீ. அதுக்காக ரெண்டு நாள் எங்கூடப் பேசாம இருந்த."

"ஆமா."

"ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும்."

விஷயத்தைச் சொன்னேன். அவன் சார்ட்டை விரித்தான். "இரும்புக்குள்ள மாட்டிகினு கீறான். எப்டிடா வர்றான்?"

என் மூளை வேலை செய்யவில்லை. மூன்று வருடம் எழுதியவன், ஒரு வழி தோன்றவில்லை. "தும்முறான்," என்றேன். "மணல் மூக்குல பூடுது. பெரிய தும்மல். இரும்பு வெடிச்சிடுது."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் வரைந்தான். வரையும்போதே நான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஏழு பேருக்கும் வேலை வேண்டும். ஒருத்தி இரும்புக்கு மேல் நீராவி அடிக்க வேண்டும், ஒருத்தன் சுத்தியல் எடுக்க வேண்டும். கடைசியில் ஒருத்தனுக்கு மூக்குத் துடைக்கத் துண்டு நீட்டும் வேலைதான் மிஞ்சியது. அதையும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒட்டினோம். அந்தச் சிரிப்பை நான் வேறு எங்கேயும் கேட்டதில்லை. எவனோ ஒருவன் தும்ம, கேன்டீன் முழுக்கத் தும்மியது. ஸ்டோர்ஸ்காரர் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, "இனிமே இத்த எழுதி வெச்சி பிரயோசனம் இல்ல," என்று போய்விட்டார். அவமானத்தில் நான் டீகூடக் குடிக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி. நாலு. யாரும் வரவில்லை.

நாலரைக்கு மோல்டர் வந்தார்.

"ஃபாரத்த குடு."

எடுத்து நீட்டினேன். "நம்புறீங்களாண்ணாத்த?"

"லிஸ்டு தெரிஞ்சவன் இவ்ளோ கேவலமா கத எழுத மாட்டான்," என்றார். "தும்முனானாம், இரும்பு வெடிச்சிச்சாம். அந்த மூஞ்ச வெச்சிகினு இத்தக் கொண்டாந்து ஒட்டுறன்னா, உனுக்கு ஒண்ணியும் தெரியாது நைனா. சொம்மா பயந்து கீற."

ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்து வாங்கினார்கள். ஒருவர் வரவில்லை. அவரை ஒரு வருடம் கழித்து ஒரு யார்டு கேட்டில் பார்த்தேன்; அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஃபவுண்டரியை அந்தத் தடவை மூடவில்லை. என் கதைதான் அன்றோடு படுத்துவிட்டது. செத்தவன் ஒரு முறை திரும்பி வந்தால் அப்புறம் யார் எதற்குப் பயப்படுவார்கள்? வில்லன் கத்தியைத் தூக்கினால், "வுடு, தும்மிடுவான்," என்பார்கள். நான் திருத்தவும் முயற்சி செய்யவில்லை. யாரையும் கொல்ல எனக்குத் தைரியம் இல்லை, யாரையும் காவலுக்கு உட்கார வைக்கவும் மனசு வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஏழு பேருக்கும் வேலை தேடித் தேடியே கதை நொண்டியடித்தது. மோசமான கதை. தெரிந்தேதான் எழுதினேன்.

இரண்டரை வருடம் கழித்து மோல்டர் ஐம்பத்தெட்டு முடிந்து ரிட்டயர் ஆனார். எங்கள் வழக்கப்படி ஷாப் ஆட்கள் மாலை போட்டு, வாங்கிக் கொடுத்த பீரோவையும் அவரையும் கம்பெனி வேனில் ஏற்றி வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். வெள்ளை யூனிஃபார்ம் போட்ட மகள் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வேன் கிளம்புகிற நேரத்தில் அவர் கழுத்து மாலையோடு இறங்கிக் கேன்டீனுக்குள் வந்தார். போர்டின் முன்னால் நின்று அந்த வாரக் கதையை முதல் கட்டத்திலிருந்து படித்தார்.

"வயக்கம்போல கேவலமா கீது," என்றார்.

"ஆமாண்ணாத்த."

"என் ஆள நிறுத்திடாத நைனா. ரிட்டயர்டு நான் தான். அவன் இல்ல."

அடுத்த வாரத்துக்கு உட்கார்ந்தபோது பன்னிரண்டு கட்டமும் மற்ற ஆறு பேரோடு முடிந்துவிட்டன. தணலுக்கு இடமில்லை. நான் யாரை வெட்டுவது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். தோஸ்து இன்னொரு துண்டு சார்ட்டை வெட்டி எடுத்து, அடியில் பதின்மூன்றாவது கட்டமாக ஒட்டினான்.