டியூட்டி போட்ட மோட்டார்

ஏனுங்க, மோட்டாருக்கு டியூட்டி போடறதுன்னா உங்களுக்கு என்னங்க புரியுது? மூணாப்பு படிக்கறப்ப எனக்கு ஒண்ணுதான் புரிஞ்சுது. பக்கத்தூட்டு மாமாவுக்கு மில்லுல வேலை. "நைட் டியூட்டி போட்டுட்டானுங்க"ன்னு பொலம்பிட்டே கெளம்புவாரு. டியூட்டின்னா ஷிப்ட்டு. மேட்டர் ஓவர்.

அப்பா கணபதி ஏரியாவுல சின்ன ஷெட்டு வெச்சு கிரைண்டர் மோட்டார் செஞ்சிட்டிருந்தாரு. அவரு தங்கச்சிதான் அந்த மில்லு மாமா சம்சாரம், எங்க அத்தை. இட்லி மாவு அரைச்சு விப்பாங்க. மோட்டார் இல்லாத பழைய கிரைண்டர் ஒண்ணு மூலைல கெடந்துது. அதையும் ஓட்டுனா ஹோட்டல் ஆர்டர் புடிச்சரலாம்னு அத்தைக்கு ஒரே ஆசை. ஒரு நாள் எங்கூட்டுக்கு வந்து, சைனா மோட்டார் வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டாங்க. அப்பா சோத்துல வெச்ச கையோட நிமிந்து பாத்தாரு.

"அண்ணன் ஷெட்ட மூடச் சொல்றயா கண்ணு?"

"உங்க மோட்டார் வெலைக்கு என் கம்மலையும் சேத்து விக்கோணுமுங்கண்ணா!"

"சைனா மோட்டாருக்கு டியூட்டி போடோணும். அப்பத்தான் அடங்குவானுங்க."

பிரிச்சுப் பாக்கறதுக்குன்னு அப்பாவே ஒரு சைனா மோட்டார் ஊட்டுல வாங்கி வெச்சிருந்தாரு. அடுத்த நாள் அத கட்டிப்புடிச்சு தூக்கிட்டுப் போயி, "அப்பா இதுக்கு டியூட்டி போடோணும்னாருங்கத்தை"ன்னு நின்னேன்.

அத்தைக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. "அண்ணன் மனசு எறங்கிட்டாங்க!" மாமா தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து மாட்டிக் குடுத்தாரு. கல்லு சும்மா ஜம்முனு சுத்துச்சு.

சாயங்காலம் அப்பா வந்தாரு. "யாரு மாட்டச் சொன்னது?"

"நீங்கதானுங்கப்பா, டியூட்டி போடோணும்னீங்க?"

மாமா சிரிச்ச சிரிப்பு தெருமுக்கு வரைக்கும் கேட்டுருக்கும். அத்தை சிரிக்கல. போயி சுவிட்ச்ச அமத்திட்டாங்க. அப்பா மோட்டார கழட்டிட்டு வந்துட்டாரு.

அப்பறம் கவர்மென்ட்டு நெசமாவே டியூட்டி போட்டுச்சு. சைனா மோட்டார் வெலை எகிறிருச்சு. அப்பாவுக்கு ஆர்டர் கொட்டுச்சு. ஷெட்டு பெருசாச்சு, அங்க வேலைக்கு வந்தவங்க பைக் வாங்குனாங்க, நாங்க கார் வாங்குனோம். மொத ரவுண்டுக்கு அத்தைய கூப்புட்டேன். "மாவு பொங்கிரும் அம்மணி, நீங்க போயிட்டு வாங்க"ன்னாங்க. மாவுதான் பொங்குதாக்கும்னு நானும் ஏறி உக்காந்துட்டேன்.

டியூட்டின்னா எறக்குமதி வரின்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. காலேஜ்ல எக்கனாமிக்ஸ் எடுத்தேன். வரி போட்டா நடுத்தர வர்க்கம் வளருமான்னு செமினார் வெச்சாங்க. வளரும்னா எங்கூடு சாட்சி, வளராதுன்னா பக்கத்தூடு சாட்சி. நடுவுல ஒரே ஒரு செவுரு.

அத்தை ஊட்டு மூலைல அந்தக் கிரைண்டர் இன்னும் மோட்டார் இல்லாமத்தான் கெடக்குது. இப்ப அது மேல துணி காயுது.